வைரஸ் எடுக்கப் போனவன் மேல் பிராது

1. டீயோடு வந்த கேள்வி

“உண்மையச் சொல்லு தம்பி. இத நீயே வுட்டுட்டு நீயே வந்து எடுக்கறியா?”

செந்தாமரை அக்கா கத்திக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்கும் குரலில் கேட்டார். வாயில் இருந்த டீயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்தது அது மூன்றாவது முறை. இரண்டு முறை எடுத்துப் போட்ட அதே வைரஸ், மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டுப் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே அறை பிடித்து நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த காலம் அது. இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்தவர் மெஷினுக்குள் போய் வேலையை முடித்துவிடுகிறார்கள். நாங்கள் அப்போது சிடி பவுச்சைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் ஒரே பதில்தான். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். “தானா வந்துச்சு சார்” என்பார்கள். ஏதோ ஜன்னல் வழியாகப் பூனை வந்த மாதிரி.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ஆட்டம் போட்டது ஃபோல்டர் வைரஸ். பென் டிரைவில் வரும். உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு தான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஃபோல்டரைத் திறப்பதாக நினைத்து நீங்கள் வைரஸைத் திறப்பீர்கள். அதோடு சரி. டாஸ்க் மேனேஜர் திறக்காது, மறைந்த ஃபைலைக் காட்டும் வசதியும் காணாமல் போகும், மெஷின் கட்டைவண்டி ஆகிவிடும்.

அக்காவின் வீட்டுக்காரர் கலியபெருமாள் அண்ணன். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு செராமிக் கம்பெனி வைத்து, பீங்கானில் மின்சார போர்டில் சொருகும் ஃபியூஸ் கேரியர் செய்துகொண்டிருந்தார். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். ஒரே பையன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். கிளம்புவதற்கு முன்னால் கம்ப்யூட்டரும் வெப் கேமராவும் வாங்கி மாட்டிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, தலை வாரிப் பூ வைத்து அதன் முன்னால் உட்காருவார். வைரஸ் வந்துவிட்டால் கேமரா வராது. திங்கட்கிழமை காலையில் எனக்கு போன் வரும்.

முதல் முறை சேஃப் மோடில் போய் ஸ்கேன் செய்து எடுத்தேன். இரண்டாவது முறை சி டிரைவை ஃபார்மட் செய்தேன். இந்த மூன்றாவது முறை, பையன் வைத்திருந்த போட்டோக்களையெல்லாம் சிடியில் ஏற்றிக்கொண்டு, மொத்த ஹார்டு டிஸ்க்கையும் துடைத்து, விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டு, ஆன்டிவைரஸும் போட்டேன். இனிமேல் வந்தால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை போன் அடித்தது. அக்கா ஹலோகூடச் சொல்லவில்லை.

“பேர மாத்திட்டியா தம்பி?”

2. பிராது

நான்காவது முறை போனபோது டீ வரவில்லை. அக்கா நிலைப்படியில் நின்றுகொண்டு நான் செய்வதையே பார்த்தார். நான் சிடியை உள்ளே போட்டால், அது என்ன சிடி என்றார். எந்த பட்டனைத் தட்டினாலும், எதற்குத் தட்டினாய் என்றார்.

“புள்ள மொவத்தப் பாத்து ஒரு மாசமாவுது. சாப்ட்டியாப்பான்னு கேட்டா கொரலு மட்டும் வருது. எளச்சிருக்கானா, தேறியிருக்கானா, என்னான்னு நான் தெரிஞ்சிக்கறது?” என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. என் பக்கமும் இருந்தது, அதைத்தான் கேட்க ஆளில்லை.

யாராவது பென் டிரைவ் போட்டார்களா என்று, முந்தைய மூன்று முறை கேட்டதையே மறுபடியும் கேட்டேன். எங்கள் வீட்டில் பென் டிரைவே கிடையாது என்று அவரும் அதையே மறுபடியும் சொன்னார். வெளியாட்கள் வந்தார்களா என்றேன். யாரும் வரவில்லை என்றார். நான் போட்ட ஆன்டிவைரஸ் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. யார் அணைத்தது என்றேன். அவர் அதன் பக்கமே போகவில்லையாம். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கிளம்பும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“இன்னொரு தடவ வந்துச்சின்னா கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுவன். உன் பேரு, உங்க அப்பா பேரு, கடை இருக்கற எடம், எல்லாம் எழுதி.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் படி ஏறத் தயங்குகிறவர்கள்கூட அங்கே போகத் தயங்க மாட்டார்கள். தாளில் குறையை எழுதி, யாரால் குறை என்று அந்த ஆளின் பெயரையும் எழுதி, பூசை செய்து அங்கே இருக்கும் வேலில் கட்டிவிட்டால் வழக்கு சாமி கைக்குப் போய்விடும். மாடு திருடியவன் மேல், நகையை எடுத்தவன் மேல், நம்பிக்கைத் துரோகம் செய்தவன் மேலெல்லாம் கட்டுவார்கள். அந்த வரிசையில் வைரஸ் எடுக்கப் போன நானும் சேரப் போகிறேன்.

எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனால் இது சாமியோடு முடிகிற விஷயமில்லை. ஒருவன் மேல் பிராது கட்டியிருக்கிறார்கள் என்றால், ஏன் என்று ஊர் கேட்கும். கேட்டவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள். எனக்கு இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான். அதை நம்பித்தான் ஆட்கள் தங்கள் வீட்டுக்குள் என்னைத் தனியாக உட்கார விட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போவார்கள்.

அக்கா அப்படிச் சொன்ன மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. திட்டக்குடியிலிருந்து ஒருவர் பஸ்ஸில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாளே வந்து, பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மச்சான் ஒருவர் பார்த்துத் தருகிறேன் என்றாராம். சொல்லும்போது அவர் கண் என் முகத்தில் நிற்கவில்லை. அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

3. வியாழக்கிழமை ஆள்

அன்று அக்கா வீட்டில் அந்த வைரஸ் ஃபைலை அழிப்பதற்கு முன்னால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து, எப்போது உருவானது என்று பார்த்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் என்று காட்டியது. திங்கட்கிழமை நான் துடைத்து வைத்த மெஷின் புதன்வரை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. ஆக, வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குள் ஏதோ நடக்கிறது.

அந்த வியாழக்கிழமை, கேமராவைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அக்காவுக்கு நான் வந்ததே பிடிக்கவில்லை. கலியபெருமாள் அண்ணன் கம்பெனியிலிருந்து வந்து, கையில் காலில் இருந்த வெள்ளை மண் போகக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். வாசலில் யாரோ செருப்பை விடும் சத்தம் கேட்டது. தெரு மாரியம்மன் கோயில் பூசாரி தனவேல், கையில் பித்தளைத் தட்டோடு உள்ளே வந்தார்.

தட்டில் வெற்றிலை. வெற்றிலை மேல் மஞ்சள் துணி. துணிக்குள் ஒரு பென் டிரைவ். அதற்குக் குங்குமம் வேறு வைத்திருந்தது.

“தம்பி, செத்த எந்திரி. சாமி வேல ஒன்னு இருக்குது, முடிச்சிடறன்” என்றார் அண்ணன்.

எழுந்து நின்றேன். அவர் பென் டிரைவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிபியூவில் சொருகினார். விஷயம் இதுதான். கோயிலில் புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபையரில் பென் டிரைவ் சொருகிப் பாட்டுப் போடலாம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு குடும்பத்தின் உபயம். இன்றைய உபயம் இன்னார் குடும்பத்தார் என்று, கோயில் நிர்வாகியான அண்ணன் தன் குரலில் மைக்கில் பேசிப் பதிவு செய்து, பாட்டுகளுக்கு நடுவில் சேர்ப்பார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மன் பாதத்தில் இருந்து அந்தப் பென் டிரைவ் இந்த வீட்டுக்கு வந்து போகும்.

சொருகியதும் ஆன்டிவைரஸ் கீச்சென்று கத்தி, சிவப்புக் கட்டம் ஒன்றைக் காட்டியது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள், அண்ணன் பழகின கையாக மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ரைட் கிளிக் செய்து அதை அணைத்துவிட்டார்.

“ஏண்ணே அத அணைக்கறீங்க?”

“அது சாமி பாட்டயெல்லாம் புடிச்சித் தின்னுடுது தம்பி. ஒரு தடவ சும்மா வுட்டுப் பாத்தன். பாட்டு ஃபோல்டரே காணாம பூடுச்சி.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபோல்டர் வேஷத்தில் இருந்த வைரஸை ஆன்டிவைரஸ் அழித்திருக்கிறது. உண்மையான ஃபோல்டரைத்தான் வைரஸ் ஏற்கெனவே மறைத்துவிட்டதே. இவர் கண்ணுக்குப் பாட்டு போய்விட்டது. திருடனைப் பிடித்த நாயை இவர் வாரா வாரம் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் ஒரு மாதமாகத் தேடிய ஆள் குங்குமம் வைத்துக்கொண்டு என் கண்ணெதிரே உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

4. சூளை

“அண்ணே, வைரஸ் இதுலேர்ந்துதான் வருது” என்று கை நீட்டிச் சொன்னேன்.

பூசாரி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “வெரல நீட்டாத தம்பி, அம்மன் பொருளு அது” என்றார். சமையலறையிலிருந்து அக்கா வந்துவிட்டார். எங்கள் வீட்டில் பென் டிரைவே இல்லை என்று சொன்னீர்களே, இது என்ன என்று அவரைக் கேட்டேன்.

“இது அம்மன் பாட்டுப்பா” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாரும் வரவில்லை என்று சொன்னதும் பொய்யில்லை. பூசாரி வருவதை யாராவது வெளியாள் வந்ததாகச் சொல்வார்களா?

அண்ணன் கோபப்படாமல்தான் பேசினார். ஆனால் கேள்வி நேராக வந்தது. “இதுல வைரஸ் இருக்குதுன்னா கோயில்ல எப்பிடிப் பாடுது? போன வெள்ளிக்கெழமகூட கணீர்னு பாடுச்சே. கெட்டுப்போன பொருளு நல்லா வேல செய்யுமா?”

ஆம்ப்ளிஃபையர் பாட்டை மட்டும்தான் படிக்கும், புரோகிராமை ஓட்டாது, மறைந்த ஃபைலாக இருந்தாலும் பாடும் என்று சொல்லிப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன், ஆட்டோரன் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில், மாட்டிக்கொண்டவன் ஏதேதோ உளறுகிறான் என்ற நினைப்புத்தான் தெரிந்தது. பழியை அம்மன் மேல் போடுகிறான் என்று அக்கா முணுமுணுத்தார். என் பெயர் அந்த அறைக்குள்ளேயே முடிந்துபோகும் போல இருந்தது.

அப்போது கதவோரம் கிடந்த ஒரு ஃபியூஸ் கேரியர் கண்ணில் பட்டது. கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

“அண்ணே, மண்ணுல சுண்ணாம்புக் கல்லு கலந்திருந்தா பெசையறப்பத் தெரியுமா?”

“தெரியாது.”

“அச்சுல அடிக்கறப்ப?”

“அப்பவும் நல்லாத்தான் வரும். சூளைக்குப் போயி வந்தாத்தான் பொரிஞ்சிபோயித் தெறிக்கும். மொத்த சரக்கும் பாழு.”

“கோயில் ஆம்ப்ளிஃபையரு அச்சு மாதிரிண்ணே. அதுல தெரியாது. உங்க கம்ப்யூட்டருதான் சூளை.”

அண்ணன் அந்த ஃபியூஸ் கேரியரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டுப் பூசாரி பக்கம் திரும்பினார். இதை எங்கெல்லாம் எடுத்துப் போனாய் என்று கேட்டார். பூசாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆடி மாதத்துக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஏற்றினாராம். அப்புறமும் போனாயா என்றார் அண்ணன். வாரம் ஒரு பாட்டு ஏற்றினேன் என்றார் பூசாரி. சொல்லிவிட்டு, “கண்ட கண்ட படம் பாக்கற எடம் அது. அங்க பட்ட தோஷமாத்தான் இருக்கும்” என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் அரை மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னது அந்த ஒரு வார்த்தையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஆனாலும் ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார்கள். அம்மன் பொருளை அழிக்கக் கூடாது. அழிக்கவில்லை, கெட்டதை மட்டும் எடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். கை கால் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கழுவிவிட்டு வந்தேன். முதலில் மெஷினை சேஃப் மோடில் போட்டுச் சுத்தம் செய்தேன். பிறகு பென் டிரைவில் இருந்த போலி ஃபோல்டர்களை எடுத்துவிட்டு, கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்து, மறைந்திருந்தவற்றை வெளியே கொண்டுவந்தேன். காணாமல் போனதாக அண்ணன் நினைத்த பாட்டுகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். வைரஸ் திரும்ப வந்து உட்கார முடியாதபடி, அது வைக்கும் ஃபைலின் பெயரிலேயே ஒரு காலி ஃபோல்டரையும் போட்டு வைத்தேன். அப்போது நாங்கள் செய்த கைவைத்தியம் அது.

பூசாரி பென் டிரைவுக்குக் கற்பூரம் காட்டினார். சிபியூவுக்குக் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். இனிமேல் புதுப் பாட்டு வேண்டுமென்றால் என் கடைக்கு வந்து ஏற்றிக்கொள்வது என்று பேச்சானது. அக்கா உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

5. வாபஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமரா வந்தது. திங்கட்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. அன்று மதியம் அக்காவே கடைக்கு வந்து நின்றார். பையன் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கிறானாம், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறதாம். சொல்லிவிட்டு, “கடையச் சாத்திட்டுக் கெளம்பு தம்பி. மணவாளநல்லூரு போவணும். பிராத வாபஸ் வாங்கணும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு தடவை வந்தால்தானே கட்டுவதாகச் சொன்னீர்கள் என்றேன். நீ போன பிறகு மனசு கேட்கவில்லை, மறுநாளே போய்க் கட்டிவிட்டேன் என்றார். அதாவது நான் வியாழக்கிழமை அவர் வீட்டில் கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே, என் பெயரும் என் அப்பா பெயரும் அங்கே கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன.

கோபத்தோடுதான் போனேன். போகாமல் இருக்க முடியுமா, தொங்குவது என் பெயராயிற்றே. பஸ்ஸில் வழியெல்லாம் அக்கா சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். “கட்டன ரெண்டாம் நாளே காட்டிக் குடுத்துட்டாரு பாத்தியா? சாமின்னா இது சாமி.” நான் தேதி பார்த்தது, சாக்குச் சொல்லி வந்து காத்திருந்தது, சுண்ணாம்புக் கல்லு, கறுப்புத் திரை எல்லாம் கொளஞ்சியப்பர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. சரி, அவராவது என்னைக் குற்றவாளி இல்லை என்று விட்டாரே என்று பேசாமல் வந்தேன்.

வாபஸ் பூசை முடிந்ததும் அக்கா என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை என்று பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத பெண்களிடமெல்லாம் சொன்னார். என்ன தப்பு என்று அவர்கள் கேட்க, முதலிலிருந்து அவர்களுக்கு முழுக் கதையையும் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது மனம் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். “ஏன்க்கா, வாரா வாரம் உங்க வூட்டுக்குள்ள வந்து போவுது அந்தப் பென் டிரைவ். ஒரு தடவகூடவா அது மேல சந்தேகம் வரல? நாலு தடவ வந்து சரி பண்ண என் மேல மட்டும் எப்பிடி வந்துச்சு?”

அக்கா என்னைப் புரியாமல் பார்த்தார்.

“அம்மன எப்பிடிப்பா சந்தேகப்படறது? உன்னத்தான படமுடியும்.”

அதில் குத்தல் இல்லை, கிண்டல் இல்லை. அன்றைக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், பென் டிரைவ் போட்டீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்த வீட்டில் யார் மேல் சந்தேகமே வராதோ அவர்களைப் பற்றி முதலில் விசாரிப்பேன். கோயில் நிர்வாகியா, டியூஷன் வாத்தியாரா, மருமகனா, அவர் எப்போது வருவார், வந்தால் கம்ப்யூட்டரில் என்ன பார்ப்பார் என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் அங்கேயே ஆள் அகப்பட்டுவிடுவான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர்கள் சந்தேகப்பட முடியாத இடத்தில்தான் வைரஸ் இருக்கும். அதை நீ கண்டுபிடிக்கும்வரை சந்தேகம் உன் மேல்தான் இருக்கும்.